எங்குரோஸ்: ஒரு சொல்லும் ஒரு சக்கை மரமும்

அன்று மத்தியானம் ஆபீசில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஹெட் குமாஸ்தா ஆறுமுகம் பிள்ளை, கட்சிக்காரி செல்லம்மை, இங்கிலீஷ் கிளார்க்காகப் புதிதாகச் சேர்ந்திருந்த நான். இருந்திருக்க வேண்டியவர் வக்கீல். அவர் ஓர் அப்பீலுக்காக நாகர்கோவில் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் இதில் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

வக்கீல் ஆபீசுகளில் வேலைக்கு வரும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். என் தகப்பனார் சாலைக் கம்போளம் என்கிற சந்தையில் மாட்டுவண்டி ஓட்டுகிறவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

1. கட்சிக்காரியின் நிபந்தனை

செல்லம்மைக்குக் கல்லாற்றங்கரையில், பொன்முடி ஏறும் வழியில், ஒரு துண்டு நிலம் இருந்தது. புருஷன் இறந்தபின், சும்மா கிடக்கிற பூமிதானே என்று கொழுந்தன் வேலி போட வந்துவிட்டான். அதே சமயம் மலைமேல் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, தன் வண்டிகள் தங்கிப்போக அந்த இடத்தைக் குத்தகைக்குக் கேட்டார். துரை கையெழுத்தோடு அவள் பெயருக்கு ஒரு குத்தகை ஆதாரம், அதாவது பத்திரம், எழுதப்பட்டுவிட்டால் கொழுந்தன் வாய் அடைபடும். ஆனால் ஊருக்குள் ஒரு பங்களாவில் வந்து தங்கியிருந்த துரை மறுநாள் காலை ரயிலேறிச் சீமைக்குப் போகிறார். அன்றைக்கே கையெழுத்தாக வேண்டும்.

டிராப்ட் எழுதியது நான். நிலத்தில் ஒரு பலா மரம் இருந்தது. இங்கே பலாவுக்குச் சக்கை என்றுதான் பெயர்.

"வண்டி நிக்கட்டும், மாடு படுக்கட்டும். சக்கை எனக்கு," என்றாள் செல்லம்மை. "மரத்துல இருந்தாலும் எனக்கு, தரையில விழுந்தாலும் எனக்கு, துரைக்க வண்டி மேல விழுந்தாலும் எனக்குத்தான். அப்படியே எழுது தம்பி."

"துரை தலைமேல விழுந்தா?" என்றார் பிள்ளை.

"தலை அவருக்கு. சக்கை எனக்கு."

தலையை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் இங்கிலீஷில் எழுதிக் காலையிலேயே துரைக்கு அனுப்பிவிட்டேன். பிள்ளை பிறகுதான் படித்தார். "ஏடே சங்கரா, ஆதாரத்துல சக்கையெல்லாம் எழுதுவாங்களாடே? துரை நம்ம ஆபீசைப் பாத்துச் சிரிப்பான்."

2. துரையின் பதில்

மத்தியானம் துரையின் பட்லர் ஒரு சீட்டுக் கொண்டுவந்தான். ஒரே வரி: 'டிராப்ட் மோஸ்ட் எங்குரோசிங்.'

நம் தொழிலில், ஒப்புக்கொண்ட டிராப்டை முத்திரைத்தாளில் திருத்தமில்லாமல் எழுதுவதற்கு எங்குரோஸ் பண்ணுவது என்று பெயர். பிள்ளைக்கு அந்த ஒரு அர்த்தம்தான். செல்லம்மையிடம் பணம் வாங்கி, வெண்டர் கடை சாத்துமுன் ஆளனுப்பி முத்திரைத்தாளை வரவழைத்துவிட்டார்.

"எங்குரோஸ் பண்ணச் சொல்லியாச்சு. உக்காந்து எழுது. சக்கையை மட்டும் வெட்டிரு."

எனக்கு அந்தச் சொல்லின் வேறோர் அர்த்தம் ஞாபகம் வந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒருநாள் ராப்ட், அப்சார்ப்ட், என்சான்டட், எங்குரோஸ்ட் என்று நான்கு சொற்களைப் பலகையில் எழுதித் தமிழ் கேட்டார். மெய்மறத்தல், லயித்தல், சொக்கிப்போதல் என்று மூன்றுக்குச் சொல்லிவிட்டேன். நான்காவதற்கு 'மூழ்கிப்போதல்' என்றேன். சரி என்றார்.

"அண்ணாச்சி, இது உத்தரவு இல்ல. துரை டிராப்டுல எதையோ படிச்சு அதுல மூழ்கிப் போயிருக்காரு. சந்தோஷத்துல எழுதினது."

"ஆதாரத்தைப் படிச்சு எவனாவது சந்தோஷப்படுவானாடே? முப்பது வருஷமா எழுதுறேன், எனக்கே வந்ததில்ல."

"எதுல மூழ்கினாருன்னு தெரியாம நாம எதையும் வெட்டக் கூடாது அண்ணாச்சி."

செல்லம்மை குறுக்கே வந்தாள். "ஒத்த வார்த்தைக்கு ரெண்டு ஆம்பிளைங்க இப்படிச் சண்டை போட்டா என் பூமி போயிரும். யாராவது போய் அவருகிட்டயே கேளுங்க."

"போ. ஆனா துரைகிட்ட இங்கிலீஷ்ல எதையாவது உளறிட்டு வந்தேன்னா, வக்கீலுக்கு நீதான் பதில் சொல்லணும்," என்றார் பிள்ளை.

3. பங்களாவில்

அதற்குமுன் நான் எந்தத் துரையிடமும் பேசியதில்லை. வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வராந்தாவில் பெட்டிகள் கட்டிக் கிடந்தன. துரை மடியில் என் டிராப்ட் இருந்தது.

"சார், எந்தப் பகுதி உங்களை எங்குரோஸ் செய்தது?" என்று இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் சக்கை ஷரத்தை உரக்க வாசித்துவிட்டு, தோட்டத்துத் தமிழில் சொன்னார்: "இது! எங்க சீமை வக்கீல் எவனும் இப்படி எழுதமாட்டான். நாலு தரம் படிச்சாச்சு. இது இல்லேன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன்." பிறகு, "ஆனா என் தலைமேல விழுந்தா?"

"தலை உங்களுக்கு சார். சக்கை அவங்களுக்கு."

துரை சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து பட்லர் ஓடிவந்துவிட்டான். "அதையும் எழுது!"

"அப்படியானால் எங்குரோஸ் பண்ணிவிடலாமா, சார்?"

"எங்குரோஸ் பண்ணு!"

4. திரும்பியபின்

நான் ஆபீசுக்கு வரும்போது வெண்டர் கடை சாத்தியிருந்தது. பிள்ளை அந்தச் சொல்லைத் தம் அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு முன்னாலேயே ஆளனுப்பியிருக்காவிட்டால், துரையின் சந்தோஷத்தை எழுத எங்களிடம் முத்திரைத்தாள் இருந்திருக்காது. நடந்ததைச் சொன்னேன். பிள்ளை பேனாவை எடுத்துத் தாமே உட்கார்ந்தார். மரம், தரை, வண்டி, கடைசியில் தலை, எல்லாவற்றையும் தம் முத்தான கையெழுத்தில் எழுதினார். "தலைக்கு ஸ்பெல்லிங் சரிதானாடே?" என்று மட்டும் கேட்டார். விளக்கு வைக்குமுன் துரை கையெழுத்துப் போட்டார். ஆதாரம் பதிவான செய்தி கல்லாற்றுக்கு எட்டியதும் கொழுந்தன் தன் வேலிக் கம்புகளைத் தானே பிடுங்கிக்கொண்டு போனான்.

தம்பிகளே, தொழிலில் படிந்த ஒரு சொல் உங்கள் மேஜைக்கு வரும்போது, அதை எழுதியவர் நம் தொழில்காரர்தானா என்று ஒருமுறை பாருங்கள். முடிந்தால் நேரே போய்க் கேளுங்கள். கேட்டதால் எனக்கு ஒரு குறையும் வரவில்லை. வக்கீல் திரும்பி வந்து ஆதாரத்தைப் படித்து, என்னைக் கூப்பிட்டு, தலை ஷரத்தை மட்டும் இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார்.

முத்திரைத்தாள், பதிவு, வண்டிக்கூலி எல்லாம் சேர்த்துச் செல்லம்மைக்கு ஆன செலவு மூன்று ரூபாய் பதினொரு சக்கரம்; சக்கரம் என்பது எங்கள் சமஸ்தானத்துச் சில்லறைக் காசு. அந்த வருஷம் மரம் காய்த்ததும் அண்ணாச்சிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தலைச்சுமையாகக் கொடுத்தனுப்பினாள். ஆக மொத்தம் மூன்று ரூபாய் பதினொரு சக்கரம், இரண்டு சக்கை.