முழங்காலில் பாடிய சரணம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திருவனந்தபுரம் கிழக்கேகோட்டைக்கு ஒரு மயக்கம் வரும். கண்டக்டர்கள் ஊர்ப்பெயரைச் சொல்லிக் கூவ மாட்டார்கள். துணிக்கடைப் பெண்கள் மடித்த சேலையையே மறுபடியும் மடிப்பார்கள். அந்த நேரத்தில்தான் பக்கத்துத் துணிக்கடையிலிருந்து எலிசாள் அக்கா என் கடைக்கு வருவார். என்னுடையது தமிழ்ப் பாட்டுக் கடை. கேசட் ஓய்ந்து சிடி வந்துவிட்ட காலம் அது.

"கேக்கதுக்கு வந்தேன் அண்ணாச்சி, வாங்கதுக்கு இல்ல" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வீட்டில் சிடி பிளேயர் கிடையாது. ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடி ஒரு பாட்டுக் கேட்பார், எழுந்து போய்விடுவார். பேசினால் எதிரில் இருப்பவர் கொஞ்சம் குனிய வேண்டும், அவ்வளவு மெல்லிய குரல். இப்படிப் பேசினால் சேலை எப்படி விற்கும் என்று கேலி செய்வேன்.

"மெதுவா சொன்னாதான் கிட்ட வருவாவ. கிட்ட வந்தா துணியத் தொட்டுப் பாப்பாவல்லா" என்பார்.

எனக்கோ அந்த வருஷங்களில் பாட்டின் மேலேயே கோபம். கடையில் ஆள் வந்து நிற்பான். இரண்டு சிடியைப் போட்டுக் காட்டுவேன். வால்யூம் திருகைத் தொடவே மாட்டேன். எது சத்தமோ அதுதான் நல்ல ரெக்கார்டிங் என்று எடுத்துக்கொண்டு போவான். பாட்டுப் போடுகிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. மெதுவான இடத்தை மேலே தூக்கினார்கள், உரத்த இடத்தை மண்டையில் தட்டி அமுக்கினார்கள், எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்தது. காதலன் காதில் ரகசியம் சொல்கிறவளும் மீன்காரி மாதிரிச் சொன்னாள். பெருமழைக்கும் தூறலுக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது. அதைத் திட்டியவனும் நான்தான், விற்றுத் தின்றவனும் நான்தான்.

எலிசாள் அக்காவின் வீட்டுக்காரர் தங்கையன் கொத்தனார். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து திருவனந்தபுரத்திலேயே நின்றுவிட்டவர். சிமெண்ட் அரித்த தடித்த விரல்கள். ஞாயிற்றுக்கிழமை சபையில் அதே விரல்கள் ஹார்மோனியத்தில் ஏறினால் எங்கிருந்தோ ஒரு நளினம் வந்துவிடும். ஆனால் பாட மாட்டார். சின்ன வயதில் சபைப் போட்டி ஒன்றில் உபதேசியார், "நீ மட்டும் வாய மூடிட்டு நில்லு" என்றாராம். அன்றைக்கு மூடிய வாய். வீட்டு ஜெபத்தில் அக்கா பாடுவார், இவர் தொடையில் தாளம் போடுவார், அவ்வளவுதான்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பாட்டின் கடைசிச் சரணம் வந்தால் ஹார்மோனியம் நின்றுவிடும். எல்லோரும் முழங்கால் போட்டு, தனக்கு மட்டும் கேட்கிற அளவில் பாடுவார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தொண்ணூற்றாறில் சபைக்காக ஒரு கேசட் போட்டபோது, தம்பானூர் மாடி ஸ்டூடியோவிலும் அக்கா அதையே செய்தார். தங்கையன் மெட்டமைத்த பாட்டு அது, அந்தி நேரத்துப் பாட்டு. கடைசிச் சரணத்தை நின்றுகொண்டு பாட வராது என்று சொல்லி, மைக்கைத் தாழ்த்தச் சொல்லி, தரையில் முழங்கால் போட்டார். நாற்காலியில் இருந்து வாசித்துக்கொண்டிருந்த தங்கையனும் ஹார்மோனியத்தை நிறுத்திவிட்டுப் பழக்கத்தில் இறங்கி முழங்கால் போட்டார்.

அதற்கு மூன்றாம் வருஷம் ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த தங்கையன் எழுந்திருக்கவில்லை. அக்காவிடம் இருந்த கேசட்டையும் பிளேயர் தின்றுவிட்டது. ஸ்டூடியோவில் மூல டேப் மட்டும் இருந்தது. 2004-இல் சபைப் பண்டிகைக்கு அதைச் சிடியாகப் போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும், "அந்தக் கடைசிச் சரணம் மட்டும் மெதுவா வந்தா போரும் அண்ணாச்சி. அதுல அவருக்க மூச்சு மாதிரி ஒரு அமைதி உண்டு" என்றார். அதைத் தவிர அவர் எதையும் கேட்கவில்லை.

மாதிரி சிடியைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்தார். வெளியே தூறல். போட்டேன். முதல் சரணமே கடைக் கண்ணாடியை அதிர வைத்தது. கடைசிச் சரணம் வந்தது. ஹார்மோனியம் நின்றும் சத்தம் குறையவில்லை. அக்காவின் முணுமுணுப்பு ஆள் உயரத்துக்கு எழுந்து நின்றது. உமிழ்நீர் விழுங்குவது, நாற்காலி கிறீச்சிடுவது எல்லாம் கூடவே வந்தது.

"ஐயோ, இது என்னது? ஜெபத்துல நின்னு சண்டை போடுகது மாதிரி இருக்கு" என்று காதைப் பொத்தினார். வால்யூமைக் குறைக்கப் போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. மறுபடி போடுங்க."

போட்டேன். அவருடைய குரலுக்கு அடியில் இன்னொரு குரல் இருந்தது. ஆண் குரல். சுருதி சேரவில்லை, அரை அடி பின்தங்கி வந்தது, மனைவிக்குப் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவர் போல. "இருட்டும் முன்னே வீடு சேர்ப்பாய்" என்ற ஒரே அடி. பிறகு இல்லை.

"அவராக்கும்" என்றார் அக்கா.

முழங்கால் போட்டதில் தங்கையனின் வாய் ஹார்மோனியத்துக்கு வைத்த மைக்குக்கு நேராக வந்திருக்கிறது. மைக்கை யாரும் அணைக்கவில்லை. இத்தனை வருஷமாக அந்த அடி டேப்பின் அடியில் கிடந்தது. நான் சபித்த அதே இரைச்சல்தான் அதைக் கிளறிக் கொண்டுவந்தது. இருபது வருஷம் கூட வாழ்ந்தவர் பாடி அக்கா கேட்டது அன்றுதான். தூறல் நின்றது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவுக்கு நானும் கூடப் போனேன். சிடி தயார் செய்கிற ஸ்ரீஜித் மலையாளி, நல்ல பையன். "இப்போ எல்லாரும் இப்படியாணு ஆன்ட்டி. லெவல் குறைஞ்சா கார்ல போட்டா ஒண்ணும் கேக்காது, கேட்டோ" என்றான். விஷயத்தைச் சொன்னதும் அவன் கண்ணும் கலங்கிவிட்டது. "அப்போ அங்கிளோட வாய்ஸ இன்னும் மேல பொக்கித் தரட்டுமா? நல்லா தெளிவா கேக்கும்."

சத்தத்தை அப்படியே விட்டுவைத்தால் அவர் இருப்பார், சரணம் செத்துப்போகும். சரணத்தைக் காப்பாற்றினால் அவர் மறுபடி அடியில் போய்விடுவார். சத்தத்தையே வைத்துக்கொள்ளுங்கள் அக்கா என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சத்தத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் பார்த்த நாள் அது ஒன்றுதான்.

"வேண்டாம் மக்களே" என்றார் அக்கா அவனிடம். "வாய மூடுன்னு சொன்னவங்களுக்கெல்லாம் கேக்கணும்னு அவரு பாடல. மெதுவாவே இருக்கட்டும்."

ஸ்ரீஜித் அமுக்கியதை எல்லாம் அவிழ்த்துவிட்டு, பழையபடி மெதுவாகப் போட்டுக் கொடுத்தான். சத்தமான மாதிரி சிடியையும் அக்கா பையில் வைத்துக்கொண்டார். அது போதும், வேண்டும்போது கடைக்கு வந்து கேட்பார் என்று நினைத்தேன்.

பண்டிகை அன்று சாயங்காலம் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். சபை வெளிப்பந்தலில் ஸ்பீக்கர் வைத்துச் சிடியைப் போட்டார்கள். மரங்களுக்கிடையே வெயில் மஞ்சளாக இறங்கிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஓடின, சாம்பார் மணந்தது. கடைசிச் சரணம் வந்தது. ஹார்மோனியம் நின்றது, சத்தம் தாழ்ந்தது. யாரும் சொல்லவில்லை, சிடிதான் பாடுகிறது என்பதும் யாருக்கும் தோன்றவில்லை. பந்தலே முழங்கால் போட்டு மெல்லச் சேர்ந்து பாட ஆரம்பித்தது. நெற்றியில் திருநீற்றோடு நானும் ஒரு காலை மடித்தேன்.

எலிசாள் அக்கா மட்டும் பாடவில்லை. எந்த ஞாயிறும் அந்தச் சரணத்தை விடாதவர், உதட்டை இறுக மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்திருந்தார். நான் காதைத் தீட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

எல்லோரும் எழுந்த பிறகு என்னிடம் வந்து, பையிலிருந்து அந்தச் சத்தமான சிடியை எடுத்து நீட்டினார். "இது இனி எனக்கு வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன்க்கா, நீங்க பாடவே இல்லையே?" என்றேன்.

"அது அவரு பாடுகதுல்லா" என்றார். "நான் வாயத் தொறந்தா எனக்கு எப்படி கேக்கும்?"