லெந்து முடிந்ததும் திறந்த வெற்றிலைப் பெட்டி

சித்தூரில் பழைய மிஷன் சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. சாராயம் குடிப்பவனை வீட்டுக்குள் விடமாட்டார்கள். சினிமாவுக்குப் போனால் ஒரு வாரத்துக்கு முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஆனால் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஆராதனைக்கு வரலாம், அதை மட்டும் யாரும் பாவத்தில் சேர்க்கவில்லை. என் நைனாவும், விதவையாகி எங்களோடு இருந்த அவருடைய அக்காவும் இந்த விஷயத்தில் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்ல. என் அத்தையின் சேலை முந்தானையே புகையிலை நாற்றம் அடிக்கும்.

வேடிக்கை என்னவென்றால், வருடா வருடம் இரண்டு பேரும் அதை விட்டுவிடுவார்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து தொடங்கிய அன்று வெற்றிலைப் பெட்டி பரண்மேல் ஏறும். நாற்பது நாளும் பக்கத்தில் யார் மென்றாலும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஈஸ்டர் காலை ஆராதனை முடிந்து வந்து செருப்பைக் கழற்றினார்களோ இல்லையோ, பெட்டி இறங்கிவிடும்.

"இவ்ளோ நாளு உட முடியுதே, ஒரேயடியா உட்டா இன்னா நைனா?" என்று கேட்பேன்.

"அது ஆண்டவருக்கோசரம் உடறது. உனக்கின்னா தெரியும், போ" என்பார்.

எழுபதுகளின் கடைசியில் நான் திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பல் வலிக்கிறது என்று நைனா பஸ் ஏறி வந்தார். பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கன்னத்தின் உட்புறத்தையே டார்ச் அடித்துப் பார்த்தார். புகையிலை அடக்குகிற இடத்தில் வெள்ளையாக ஒரு படலம். இப்போதே விட்டால் மறைய வாய்ப்பு இருக்கிறது, விடாவிட்டால் புற்றாக மாறலாம் என்றார். கீரையும் பழமும் நிறையச் சாப்பிடச் சொன்னார். "பொகாக்கு மானேயண்டி" என்று தெலுங்கில் இரண்டு முறை சொன்னார். புகையிலையை விட்டுவிடுங்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவாக எந்த மொழியில் சொல்வது?

லெந்து அடுத்த வாரமே தொடங்கியது. அப்படியே விட்டுவிடுவார் என்று நம்பினேன், பைத்தியக்காரி. ஈஸ்டருக்கு நான் சித்தூர் வந்திருந்தேன். அன்று ஆராதனையிலிருந்து வந்த நைனா, டாக்டர் சொன்னபடி ஒரு கொய்யாப்பழத்தைப் பொறுமையாகத் தின்றார். வாய் கொப்பளித்தார். பிறகு பெட்டியை எடுத்தார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஆண்டவரு செத்தும் மூணாம் நாளு எழுந்துட்டாரு. நீ எழுந்து வருவியா நைனா?" என்று கத்தினேன்.

பண்டிகை நாளில் கேட்கக்கூடாத கேள்விதான். அம்மா என்னை அடிக்கவே வந்துவிட்டாள். நைனா பெட்டியை மூடி அத்தை பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதன்பிறகு அவர் தொடவே இல்லை. அடுத்த சில மாதங்கள் நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் அவருடைய எரிச்சலைத் தாங்க முடியவில்லை. குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளுவார். அந்த எரிச்சல்கூட எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வருடக் கடைசியில் டாக்டர் மறுபடி பார்த்து, படலம் போய்விட்டது என்றார். அடுத்த ஞாயிறு நைனா சபையில் எழுந்து சாட்சி சொன்னார். வாயில் வெள்ளை வந்தது, ஜெபம் பண்ணினேன், கர்த்தர் எடுத்துப்போட்டார் என்றார். புகையிலையை விட்டதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மகள் போட்ட சத்தத்தில் விட்டேன் என்று நாலு பேர் முன்னால் எப்படிச் சொல்வது? சபை அல்லேலூயா சொன்னது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அத்தையிடம் சொன்னேன். "அத்த, அவரு பொகையில உட்டதாலதான் போச்சி. நீயும் உட்டுடு."

"அடி போடி! கர்த்தரு எடுத்துப்போட்டாருன்னு உங்க நைனாவே அத்தினி பேரு எதிர்ல சொல்றான். நீ இன்னா புச்சா சொல்லிக்கினு வர்ற?"

நைனா அங்கேயேதான் இருந்தார். "சொல்லேன் நைனா" என்றேன். செய்தித்தாளைப் பிரித்துப் பிடித்துக்கொண்டார்.

அத்தைக்கும் அதே மாதிரி வெள்ளை வந்தபோது அவள் யாரிடமும் சொல்லவில்லை. விடியற்காலையில் முழங்காலிட்டு ஜெபம் செய்வாள். எழுந்ததும் புகையிலை போடுவாள். நற்கருணை அன்று போதகர் கொடுத்த அப்பத் துண்டை வாய் திறந்து வாங்க முடியாமல் அவள் விரலால் உள்ளே திணித்ததைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தாடை வரை பரவிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார்கள். கடைசியில் கஞ்சி கூட இறங்கவில்லை.

அவளை அடக்கம் செய்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, குடும்பத்தார் யாராவது பேசலாம் என்றார் போதகர். நைனா எழுந்தார்.

"எங்கக்கா என்னவிட நல்லாவே ஜெபம் பண்ணா. நான் பொகையில உட்டுட்டேன். அத மட்டும் இங்க சொல்லாம உட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். யாரும் ஆமென் சொல்லவில்லை. எனக்கு முன் வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், கன்னத்தில் அடக்கியிருந்ததை நாக்கால் மெல்ல மறுபக்கம் தள்ளிக்கொண்டார்.