இருபது டன்னில் ஓர் அரசிலை

மாமாவின் அறுந்துபோன செருப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. பட்டறையில் கரும்பு டிராக்டர் ஒன்றின் புஷ் வளையத்தை இருபது டன் பிரஸ்ஸில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அடியில் மெத்தைக்காக அந்தத் தோல் செருப்பைப் போட்டிருந்தார். புஷ்ஷைத் தள்ள வைத்த இரும்புக் குழாய் நழுவிச் செருப்பின் மேல் போய் நின்றதை அவர் கவனிக்கவில்லை. ஜாக்கியை நாலு தரம் பம்ப் பண்ணிவிட்டுப் பார்த்தால் புஷ் வைத்த இடத்திலேயே இருக்கிறது. குழாய்க்குள் மட்டும் பிஸ்கட் மாதிரி வட்டமாக ஒரு தோல் துண்டு.

“மாமா, இது வெட்டுது!” என்று கத்தினேன்.

“இன்னாத்த வெட்டுது? புஷ்ஷு எறங்கலியேன்னு நான் நிக்கிறேன், இது இன்னாவோ குதிக்குது.”

மாமா அம்மாவின் தம்பி. வடக்கனந்தலில் டிராக்டர் பட்டறை வைத்திருக்கிறார். நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு, எழுதிப்போட்ட கம்பெனிகளெல்லாம் பதில் போடுகிற வரைக்கும் அவருடைய பட்டறையில் கேள்வி கேட்கும் வேலை பார்க்கிறேன். “வேலை கம்மி, கேள்வி ஜாஸ்தி” என்பது என்னைப் பற்றி அவர் கொடுத்திருக்கும் சர்டிபிகேட்.

நான் குதித்ததற்குக் காரணம் அக்கா. அவள் மாட்டுக்குக் கழுத்துப் பட்டை தைக்கிறாள். பட்டையில் வரிசையாக அரசிலை வடிவத்தில் தோல் துண்டுகள் தொங்கும். ஒவ்வொரு இலையிலும் ஒரு மணி. கள்ளக்குறிச்சியில் கயிறும் மணியும் விற்கும் பாய் கடைக்குத்தான் கொடுக்கிறாள். போன தடவை கொண்டுபோனதைப் பாய் அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார். “ஒவ்வொரு எலையும் ஒவ்வொரு ஊரு மாதிரி இருக்குதும்மா. மாட்டுப் பொங்கலுக்கு ஒரே மாதிரி குடு, எடுத்துக்கிறேன். இல்லாட்டி நான் வெளியூர்ல சொல்லிடுவேன்.” வெளியூரில் ஒருமுறை சொல்லிவிட்டால் அக்காவுக்கு அந்தக் கடை போனதுதான். கத்தி பிடித்துப் பிடித்து அவளுடைய கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். இலை என்னவோ ஒன்றுபோல வரவே இல்லை.

மாமாவிடம் பிரஸ்ஸைக் கேட்டேன். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை மில் ஓடும் காலம். வாசலில் டிராக்டர்கள் வரிசையில் நிற்கின்றன. “சாப்பாட்டு நேரத்துல எடுத்துக்கோ. நான் கை கழுவிக்கினு வரச்ச பிரஸ்ஸு பிரஸ்ஸா இருக்கணும்” என்றார்.

அதாவது எல்லாவற்றையும் முக்கால் மணி நேரத்துக்குள் மாட்டி, வெட்டி, கழற்றிவிட வேண்டும்.

மரம் அறுக்கும் மில்லில் தேய்ந்துபோன ரம்பப் பட்டை ஒன்று வாங்கினேன். பல்லையெல்லாம் கிரைண்டரில் எடுத்துவிட்டு, ஓர் ஓரத்தைக் கூராக்கி, சூடு காட்டி இலை மாதிரி வளைத்து, நுனியில் வெல்டிங் வைத்து அச்சாக்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேப்பம்பலகை மேல் தோலைப் போட்டு, அதன் மேல் அச்சைக் கவிழ்த்து, மேலே ஒரு கனத்த இரும்புத் தகட்டை வைத்து அழுத்தினேன். கூர் பலகைக்குள் ஒரு பக்கம் ஆழமாக இறங்கிவிட்டது. மறுபக்கம் தோலில் கீறல்கூட விழவில்லை. பாதி இலை.

அடுத்த நாள் பலகையை மாற்றினேன். அதற்கடுத்த நாள் அச்சைத் திருப்பி வைத்தேன். என் ஃபார்முலா எல்லாம் சரியாக இருந்தது. இலை மட்டும் பாதிதான் வந்தது.

மூன்றாம் நாள் சாப்பாடு கொண்டுவந்த அக்கா குனிந்து பார்த்தாள். “ஏண்டி இஞ்சினியரு, கறிக்கடையில பலகை மேலயா வெட்றாங்க? புளியங்கட்டைய நிக்க வெச்சு, அறுத்த மொகத்து மேல இல்ல வெட்றாங்க? அதான் கத்தி எந்தப் பக்கமும் இழுக்காது.”

நாலு வருஷம் படித்த என்னிடம் எந்தப் புத்தகமும் இதைச் சொல்லவில்லை என்றேன். “புத்தகத்துக்குக் கறி திங்கற பழக்கம் இல்ல போல” என்றாள்.

கறிக்கடையிலிருந்து பழைய கட்டை ஒன்று வந்தது. அரை நாள் தேய்த்துக் கழுவியும் பட்டறை நாயின் பாசம் அதை விட்டுப் போகவில்லை. தகடு சாயாமல் இருக்க பிரஸ்ஸின் அழுத்தும் தண்டுக்கு நேர் கீழே சாக்பீஸால் குறி போட்டேன். பம்ப் அடித்தேன். ‘டொக்’ என்று ஒரு சத்தம். அச்சைத் தூக்கினால், முழு இலை! நுனி முதல் காம்பு வரை.

அந்தச் சத்தத்தைக் கேட்டு மாமா சோற்றுக் கையோடு ஓடிவந்தார். “நீ தள்ளு, நான் போடறேன்.”

இங்கே மாமாவின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பேரிங் ‘டொக்’கென்று உட்கார்ந்த பிறகும் அவர் இன்னொரு பம்ப் போடுவார். ‘சாமிக்கு ஒண்ணு.’ அது இல்லாமல் இந்தப் பட்டறையை விட்டு ஒரு டிராக்டரும் போனதில்லை. டிரைவர்களே, “மேஸ்திரி, சாமிக்குப் போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுப்பார்கள்.

இலைக்கும் போட்டார். பேரிங் தாங்கும், ரம்பப் பட்டை தாங்குமா? கூர் கட்டைக்குள் அரை அங்குலம் புதைந்து, நுனி வெல்டிங் பிளந்து, என் அரசிலை பூவரசம்பூ மாதிரி விரிந்துவிட்டது. பாய் சொன்ன நாளுக்கு நாலு நாள்தான் பாக்கி. அக்கா பழைய கத்தியை எடுத்துத் தீட்ட ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம்.

“நாளைக்கு சாமிக்குப் போடாதீங்க மாமா” என்றேன்.

“கை தானா போவுது பாப்பா. இருபது வருசக் கை.”

அவரும் வீம்புக்குச் சொல்லவில்லை. சரி, கையை மாற்ற முடியாது, பிரஸ்ஸை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். கட்டைக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரும்புத் துண்டுகளை நிறுத்தினேன். தகடு இறங்கி, கூர் கட்டையைத் தொட்டதும், அந்தத் துண்டுகள் மேல் உட்கார்ந்துவிடும். அதற்குமேல் இருபது டன் வந்தாலும் இரும்போடுதான் மல்லுக்கட்ட வேண்டும். அச்சுக்கு மறுபடி வெல்டிங் வைத்தேன். மாமா வந்தார், பம்ப் அடித்தார். ‘டொக்.’ கை தானாகப் போயிற்று. சாமிக்கும் ஒன்று போட்டார். அச்சு அசையவில்லை.

“இப்ப சாமிக்கும் திருப்தி, உனக்கும் திருப்தி” என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

மூன்று மதியம் மாமா பம்ப் அடிக்க நான் வெட்டினேன், அக்கா ராத்திரி பகல் பார்க்காமல் தைத்தாள். நாலாம் நாள் பட்டைகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சி பஸ் ஏறினோம். தைத்தது போக மீந்த இலைகளையும் அக்கா கொண்டுவந்திருந்தாள். பாய் அவற்றைச் சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கி, ஓரத்தில் விரலை ஓட்டினார். ஓர் இலைகூடத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை.

“எல்லாம் ஒரு வயித்துல பொறந்த புள்ளைங்க மாதிரி இருக்குதும்மா” என்றார். அக்கா அப்போதுதான் மூச்சு விட்டாள்.

அப்புறம் பாய் ஒரு பட்டையைத் தூக்கி ஆட்டினார். மணிகளில் இரண்டு கிழக்கே பார்த்தன, ஒன்று மேற்கே. “எலை சரி. மணி ஏன் குடிச்சுட்டு நிக்குது?”

ஒவ்வொரு இலையிலும் மணியைக் கட்டும் இரண்டு துளைகளையும் அக்கா கையால்தான் குத்துகிறாள்.

“பொங்கலுக்கு இது போதும், எல்லாத்தையும் எடுத்துக்கிறேன். கல்வராயன் மலையிலயிருந்து எறங்கி வர்றவங்க இன்னும் கேக்கறாங்க. மணி நேரா நின்னா, அதுவும் உங்களுக்கேதான்.”

திரும்பும் பஸ்ஸில் அக்கா என் தோளில் இடித்தாள். “இன்னாடி, துளைக்கு இன்னா பண்ணப் போற?”

மாமாவின் குப்பையில் பழைய டீசல் குழாய் கிடக்கிறது; கனத்த இரும்பு, நடுவில் ஊசித் துளை. இரண்டு துண்டு வெட்டி, வாயைக் கூராக்கி, அச்சுக்குள்ளேயே நிறுத்திவிட்டால் இலையும் துளையும் ஒரே அழுத்தில் வந்துவிடும். வெட்டுப்பட்ட தோல் பொடி குழாய்க்குள் அடைத்துக்கொள்ளுமே என்றுதான் பயம். அதற்குக் குழாயின் பக்கவாட்டில் அரத்தால் ஒரு சின்ன வழி திறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு, முழு நாளும் பிரஸ் என் கையில். முதலில் அட்டையில் போட்டுப் பார்க்கிறேன், அப்புறம் தோலில்.