அரை நாளுக்கு ஒரு கையெழுத்து

ஜெர்மனியில் நான் வேலை பார்க்கும் ரொட்டித் தொழிற்சாலையில் பகல் பன்னிரண்டு மணி ஆனதும் ஹைக்கே என்பவள் ஏப்ரனைக் கழற்றி மாட்டுவாள். "ட்ஷூஸ்" என்று எல்லோருக்கும் பொதுவாக விடை சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும், நாங்கள் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டிருப்போம், மேற்பார்வையாளர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். வந்த புதிதில் அவளுக்கு ஏதோ தீராத வியாதி என்று பரிதாபப்பட்டேன். பிறகு முதலாளிக்குச் சொந்தமோ என்று சந்தேகப்பட்டேன். இரண்டும் இல்லை. அவள் டைல்சைட், அதாவது பகுதிநேரத் தொழிலாளி. நிரந்தர வேலை, விடுப்பு, காப்பீடு எல்லாம் எங்களைப் போலவே உண்டு; நேரம் மட்டும் பாதி. போதாததற்குத் தொழிலாளர் குழுவிலும் உறுப்பினர். அரை நாள் வேலை செய்கிறவளை முழு ஆளாக மதிக்கும் ஊரை நான் அதுவரை பார்த்ததில்லை.

நான் பார்த்த ஊர் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் மூடி செய்யும் ஒரு கம்பெனியில், கான்ட்ராக்டில் பேக்கிங் வேலை. ஆறு மாதம் ஆவதற்குள் கான்ட்ராக்டர் ஒரு 'பிரேக்' கொடுப்பார். பத்து நாள் வீட்டில் இருந்துவிட்டு வேறு பெயரில் திரும்பி வர வேண்டும். முதலில் என் பெயரில் வேலை பார்த்தேன். அப்புறம் என் தங்கையின் பெயரில். கடைசியாக, யாரென்றே எனக்குத் தெரியாத ஒரு ஜெயந்தியின் பெயரில். கேட்டில் பெயர் கூப்பிடும்போது நான்தான் ஜெயந்தி என்பது மறந்துபோய் மரம் மாதிரி நிற்பேன். பக்கத்தில் நிற்கும் என் தோழி மல்லிகா முழங்கையால் இடிப்பாள். "ஏய், உன்னத்தான் கூப்டறாங்க. இன்னா, நின்னுக்கினே தூங்கறியா?"

அந்த வேலையும் ஒரு வெள்ளைத் தாளில்தான் போயிற்று. அம்மாவுக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஒரு மாதத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப அனுமதி கேட்டேன். கான்ட்ராக்டரின் ஆள் சிரித்துக்கொண்டே ஒரு தாளை நீட்டினார். "கீழ ஒரு கையெயுத்து போடும்மா. மேல நான் எய்திக்கிறேன். உனுக்கு எதுக்கு பேஜாரு?" போட்டேன். மறுநாள் காலை கேட்டில் அதே தாளைக் காட்டினார்கள். சொந்தக் காரணத்தால் வேலையை விட்டு விலகுவதாக மேலே எழுதியிருந்தது. கீழே ஜெயந்தி என்று என் கையெழுத்து. யாரோ ஒருத்தி ராஜினாமா செய்ததற்கு நான் வெளியே நின்றேன்.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆயிற்று. என் மாமியார் கும்மிடிப்பூண்டியில் இலங்கை அகதி முகாமில் இருந்தவர். அவருடைய மகன் ஜெர்மனியில் ஓர் உணவகத்தில் சமையல்காரர். அப்படித்தான் இங்கே வந்தேன். மகள் பிறந்தாள், மூன்று வயதில் பாலர் பள்ளிக்குப் போனாள், நான் ரொட்டித் தொழிற்சாலைக்குப் போனேன். பாலர் பள்ளி பன்னிரண்டரைக்கு மூடிவிடும். என் வேலை முடிவது இரண்டு மணிக்கு. இடைப்பட்ட நேரத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, ஆகஸ்டு கடைசியில் வேறு ஊருக்குப் போகப் போவதாக மே மாதத்தில் சொன்னாள். ஒன்று எனக்கு நேரம் குறைய வேண்டும், இல்லையென்றால் வேலையை விட வேண்டும். இன்னொரு முறை வேலையை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

துணிந்து மேற்பார்வையாளர் பெக்கரிடம் போய், எட்டிலிருந்து பன்னிரண்டு வரை மட்டும் வேலை வேண்டும் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டேன். அவர் தலையாட்டிவிட்டு, "ஷ்ரிஃப்ட்லிஹ், பிட்டே" என்றார். எழுத்தில் கொடுங்கள் என்று அர்த்தம். எனக்குக் கும்மிடிப்பூண்டித் தாள்தான் கண்முன் வந்தது. "நைன், முடியாது! எழுத மாட்டேன். எனக்கு வேலை வேண்டும்!" என்றேன். எனக்கு எழுதத் தெரியாது என்று நினைத்துவிட்டார் மனிதர். முகத்தில் அத்தனை இரக்கத்தோடு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். "கவலைப்படாதீர்கள். நானே எழுதிக்கொள்கிறேன். நீங்கள் கீழே கையெழுத்துப் போட்டால் போதும்." நான் பேனாவைத் தொடாமல் ஓடியே வந்துவிட்டேன்.

உடை மாற்றும் அறையில் அழுதுகொண்டிருந்த என்னை ஹைக்கேதான் பிடித்து உட்கார வைத்தாள். நடந்ததைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்தே வந்தன. இரண்டாயிரத்து ஒன்றில் வந்த சட்டம் ஒன்றை எனக்குச் சொன்னாள். ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்தவர்கள், பதினைந்து பேருக்கு மேல் இருக்கும் இடத்தில், மூன்று மாதம் முன்னதாக நேரத்தைக் குறைக்கக் கேட்கலாம். முடியாது என்றால் நிர்வாகம் தக்க காரணம் காட்டி, ஒரு மாதம் முன்பே எழுத்தில் மறுக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருந்தால், கேட்டவள் கேட்டதே சட்டப்படி நிற்கும். நான் நம்பவில்லை. எங்கள் ஊரில் மேலே இருப்பவர் பேசாமல் இருந்தால், இல்லை என்று பொருள்.

"உங்கள் ஊரில் இப்படிச் சட்டம் எதுவும் கிடையாதா?" என்று ஹைக்கே கேட்டாள். கிடையாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் ரோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து கணினியில் தேடினேன். இருந்தது! இரண்டு ஆண்டுகளுக்குள் நானூற்றெண்பது நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே சட்டம் வந்திருக்கிறது. ஜெயந்தியை எதற்குக் கண்டுபிடித்தார்கள் என்று அன்றுதான் புரிந்தது. உடனே மல்லிகாவுக்குப் போன் செய்து ஒரு வரி விடாமல் சொன்னேன்.

விண்ணப்பத்தை நானே எழுதினேன். ஹைக்கே பிழை திருத்தினாள். மேலே என் பெயர், கீழே என் பெயர், நடுவில் இடமே விடவில்லை. மே முடிவதற்குள் அலுவலகத்தில் கொடுத்து, தேதி முத்திரை போட்டு நகலும் வாங்கினேன். "ஏன் உந்த வில்லங்கம்?" என்று என் கணவர் பயந்தார். பெக்கர், "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு ஜூலையில் கடற்கரைக்கு விடுமுறை போய்விட்டார். ஆகஸ்டு பிறந்தது. ஒரு பதிலும் வரவில்லை.

செப்டம்பர் முதல் நாள் பன்னிரண்டு மணிக்கு ஏப்ரனைக் கழற்றினேன். ஹைக்கேயின் ஏப்ரனுக்குப் பக்கத்தில் மாட்டினேன்.

"எங்கே போகிறீர்கள்?" என்றார் பெக்கர்.

"வீட்டுக்கு. டைல்சைட்."

"நான் அனுமதி கொடுக்கவே இல்லையே?"

"மறுக்கவும் இல்லையே" என்று நகலை நீட்டினேன்.

அவர் அலுவலகத்துக்குப் போய்ப் போன் பேசிவிட்டுச் சிவந்த முகத்தோடு திரும்பி வந்தார். "அடுத்த முறை முன்கூட்டியே பேசுவோம்" என்றார். மூன்று மாதமாக முன்கூட்டித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றேன். ஹைக்கே எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு தொழிற்சாலையை விட்டு நானாக வெளியே நடந்தேன்.

அந்த வார வெள்ளிக்கிழமை, பாலர் பள்ளி வாசலில் மகளை அழைத்துக்கொண்டு அங்கேயே நின்று, பெருமையடித்துக்கொள்ளத்தான் மல்லிகாவைக் கூப்பிட்டேன். அங்கே மாலை நான்கு மணி. சாலையில் லாரிச் சத்தம் கேட்டது.

"அர நாளா? நீயே கேட்டு பாதியாக்கிக்கினியா? பைத்தியமாடி உனுக்கு? இங்க நாங்க முழு நாளு ஒழச்சும் ஆளு கணக்குலயே வரல." அவள் குரல் இறங்கியது. "வெள்ளத் தாளு குடுத்தாங்கடி. போட மாட்டோம்னுட்டோம். எட்டுப் பேரு. காத்தாலருந்து கேட்டுக்கு வெளியதான் குந்திக்கினுகீறோம். நீதான சொன்ன அந்தச் சட்டத்த? இப்ப இன்னா பண்றது, சொல்லு."

சொன்னவள் நான், குந்தியிருப்பது அவர்கள். என் வேலை பத்திரம், என் நேரம் என் கையில், எனக்குப் பின்னால் ஹைக்கே. அவர்களுக்குப் பின்னால் பூட்டிய கேட் மட்டும்தான். பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அப்படித் தோன்றியதற்கே என்மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

"போன ஸ்பீக்கர்ல போடு" என்றேன். பிறகு அந்த அமைதியான ஜெர்மன் தெருவில், நான் மறந்தே போயிருந்த கும்மிடிப்பூண்டிக் குரலில் கத்தினேன். "ஒர்த்தியும் போடாதீங்கடி! உங்க பேர நீங்களே ஒரு தாள்ல எய்தி, இத்தினி வருசமா வேல செய்யறோம்னு எய்தி, எட்டுப் பேரும் கையெயுத்து போட்டு லேபர் ஆபீசுக்கு எடுத்துக்கினு போங்க! நகல் வாங்காம வராதீங்க!"

பிள்ளைகளை அழைக்க வந்த தாய்மார்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகள் என் விரலை இழுத்து, "மாமா, யாரைத் திட்டுகிறாய்?" என்று ஜெர்மனில் கேட்டாள். இங்கே அம்மாவை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திட்டவில்லை, கேட்டுக்கு வெளியே என் ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லவந்தேன். அதற்கு எனக்கு ஜெர்மன் கிடைக்கவில்லை. ஒரு கையில் அவள், ஒரு கையில் போன். இரண்டையும் விடாமல் அங்கேயே நின்றேன்.