ஒட்டிய பக்கங்களில் ஓர் ஆடு

மகளுக்காக ஊட்டியில் வாங்கிய சிறுவர் நாவலைப் பேருந்தில் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு ஃபேக்டரியிலிருந்து வாடும் தேயிலையின் வாசனை ஜன்னல் வழியே வந்தது. சிறுவயதில் தேவாலா எஸ்டேட்டில் இதே நாவலை நான் அந்த வாசனையோடுதான் படித்தேன். மழைக்காலத்தில் எஸ்டேட் நூலகப் புத்தகங்கள் நமுத்துவிடும் என்பதால், அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியின் மாடியில், இலை வாட்டும் வெதுவெதுப்பான காற்றில் அவற்றைப் பரப்பி வைப்பார்கள். விசிறிகளின் இரைச்சலுக்கு நடுவே அங்கேயே உட்கார்ந்து அக்காவும் நானும் மாறி மாறி உரக்கப் படிப்போம். கேட்பவர் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், ஒட்டிப்போன பக்கங்கள் வந்தாலும் படிப்பவர் நிறுத்தக் கூடாது, வாய்க்கு வந்ததைச் சொல்லித் தொடர வேண்டும். அப்படிக் கேட்டதுதான் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட நொண்டி ஆட்டின் கதை. அதற்காக நாள்கணக்கில் அழுதிருக்கிறேன்.

புதுப் புத்தகத்தில் அந்த ஆடே இல்லை. போய்ப் பார்க்க அந்த மாடியும் இல்லை. இடித்து ரிசார்ட் கட்டிவிட்டார்கள். முன்னும் பின்னும் தேடிச் சலித்து அக்காவுக்கு ஃபோன் செய்தேன்.

"ஏக்கா, அந்த நொண்டி ஆட்டை நீயாத்தான் சேத்துச் சொன்னியா?"

"நானா? நீதான்டா படிச்சே! அது கரையேறுனப்ப நான் எப்படி அழுதேன், மறந்துட்டியா?"

எனக்குத் தெரிந்த ஆடு கரையேறவே இல்லை.