சீர் ஃபிரிட்ஜும் ஐஸ்காரி பட்டமும்

எங்கள் சொந்தத்தில் காதுகுத்து, கல்யாணம் என்று எதற்குப் போனாலும், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைப்பதற்குள் யாராவது ஒருவர் "வா ஐஸ்காரி" என்று கூப்பிட்டுவிடுகிறார்கள். முப்பது வயதைத் தாண்டிவிட்டேன். தேனியில் கணக்கு டீச்சர். என்னைக் கண்டால் வராந்தாவில் ஓடுகிற பையன்கள் நடக்க ஆரம்பிக்கிறார்கள். சொந்த ஊரான காமயகவுண்டன்பட்டிக்காரர்களுக்கு மட்டும் நான் ஐஸ்காரி. போன மாதம் ஒரு வளைகாப்புப் பந்தியில் ஐஸ்கிரீம் வைக்க வந்த பையனிடம், "அவளுக்கு மட்டும் ரெண்டா வையிப்பா, அவ ஐஸ்காரி" என்று ஒரு பெரியம்மா சொல்ல, பந்தியே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஐஸ் கட்டியதற்கு நான் காரணமில்லை. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். கேட்கத்தான் ஆளில்லை.

அந்த ஃபிரிட்ஜ் முதலில் எங்களுடையதே அல்ல. அப்பாவின் தங்கைக்கு, அதாவது என் அத்தைக்கு, கொடுத்த சீர். பீரோ, கட்டில், பாத்திரங்களோடு, கதவின் மேல் மூலை இரண்டிலும் சந்தனம் குங்குமம் வைத்து, மினி லாரியில் ஏறி உத்தமபாளையத்துக்குப் போனது. நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம் அத்தையும் அதுவும் ஒரே வண்டியில் திரும்பி வந்தார்கள். "மாமாவுக்குக் கேரளாவுல ஏலத்தோட்டத்துல வேல கெடச்சிருக்கு. அவுக வந்து கூப்புடுற வரைக்கும் அத்த இங்கனதேன் இருப்பா" என்றாள் அம்மா. மாமாவைப் பற்றி எனக்குப் பெரிய விசாரம் எதுவும் இல்லை. வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்துவிட்டதே!

அத்தை அதைக் கறவை மாட்டைப் பார்த்துக்கொள்வதுபோலப் பார்த்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்ததும் ஈரத்துணியால் அதைத் துடைப்பாள். பிறகு சந்தனம் உரைத்து, கதவும் பெட்டியும் சேருகிற மேல் மூலைகளில் கெட்டியாக அப்பி, நடுவில் குங்குமம் வைப்பாள். எங்கள் வீட்டில் பீரோவுக்கே ஆயுத பூஜை அன்றுதான் பொட்டு. இதற்கு மட்டும் ஏன் வாராவாரம் என்று கேட்டேன்.

"இது திரும்பிப் போற சாமான்டி. பொட்டோடதேன் இருக்கணும்" என்றாள் அத்தை. சரி, ஏதோ சாமி விஷயம் என்று விட்டுவிட்டேன்.

வந்து கொஞ்ச நாளிலேயே ஐஸ் தொல்லை ஆரம்பித்தது. அது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். உள்ளே மேலே இருக்கும் சின்னப் பெட்டிதான் ஃபிரீசர். முதலில் அதன் சுவரில் உப்புப் பூத்தமாதிரி மெல்லிசாகப் பனி படிந்தது. பிறகு கனத்தது. பிறகு ஃபிரீசரின் சின்ன மூடியே சாத்த வரவில்லை. ஐஸ் தட்டு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஒரு பால் பாக்கெட் பனிக்குள் போனது போனதுதான், அதன் நீல ஓரம் மட்டும் வெளியே தெரிந்தது. பட்டனை அமுக்கி உருகவிட்டால் சமையலறையெல்லாம் தண்ணீர். சில நாளில் மறுபடியும் வெள்ளை மலை.

ஒரு வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் காரணம் கண்டுபிடிப்பது கஷ்டம். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது சுலபம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் ஒரு ஐஸ்கட்டி எடுத்து வாயில் போடுவது எல்லோருக்கும் தெரியும். இல்லையென்று நானும் சொல்லவில்லை. ஒரு கட்டிக்கு ஒரு மலையா? "இவதேன் பொழுதன்னைக்கும் கதவத் தெறந்து போட்டுக்கிட்டு நிக்கிறா" என்று அம்மா சொன்னாள். அப்பா ஒரே போடாகப் போட்டார்: "ஐஸ் கட்டுறது நிக்கிற வரைக்கும் வீரபாண்டி கெடையாது."

வீரபாண்டிச் சித்திரைத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தீர்ப்பின் கொடுமை தெரியும். வருஷம் முழுக்க நான் அந்த ராட்டினத்துக்காகத்தான் உயிரோடு இருந்தேன். போன வருஷம் "சின்னப் புள்ள" என்று கீழேயே நிறுத்திவிட்டார்கள். இந்த வருஷம் ஏற்றுவதாகப் பேச்சு. அதில் ஃபிரிட்ஜ் வந்து மண்ணைப் போட்டது.

அன்றிலிருந்து நான் அந்தக் கதவைத் தொடவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட மண்பானைக்குத்தான் போனேன். ஐஸ் என்னைக் கேட்டா வளர்ந்தது? அது பாட்டுக்கு வளர்ந்தது. "பாருங்க, நான் தொடவே இல்ல, அப்பயும் கட்டியிருக்கு" என்று கத்தினேன். "நாங்க பாக்காதப்ப தெறந்திருப்ப" என்றார்கள். பார்க்காதபோது செய்யவில்லை என்று யாரால் நிரூபிக்க முடியும்?

கடைசியில் சித்தப்பா வந்தார். கம்பத்தில் மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடையில் வேலை பார்த்ததால் கரண்டில் ஓடுகிற எதுவானாலும் எங்கள் வீட்டில் அவர்தான் டாக்டர். உள்ளே இருந்த குமிழை ஐந்திலிருந்து இரண்டுக்குத் திருகினார். சுவரை விட்டுத் தள்ளி வைத்தார். கதவு தானாக விழுந்து சாத்தட்டும் என்று முன்கால்களுக்கு அட்டை கொடுத்தார். சாம்பாரைச் சூட்டோடு உள்ளே வைக்கிறீர்களா என்று அம்மாவை விசாரித்தார். ஸ்குரூடிரைவரால் பனியைக் குத்தப் போனவரை, "ஏலே, கேஸ் குழாய ஓட்ட போட்டுறாத" என்று அப்பா தடுத்தார்.

அப்புறம் சித்தப்பா காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, கதவிடுக்கில் வைத்துச் சாத்தி இழுத்தார். "தாளு இறுக்கமா நின்னா ரப்பர் நல்லாருக்குன்னு அர்த்தம். லூசா வந்தா வெளிக்காத்து உள்ள போகுது, அந்த ஈரந்தேன் ஐஸாக் கட்டும்." கீழே வைத்தார், இறுக்கம். பக்கத்தில் வைத்தார், இறுக்கம். தாளோடு அவர் கை மேல் மூலைக்குப் போனது. சந்தனத்தைப் பார்த்தார். அங்கே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அத்தையை ஒரு தடவை பார்த்துவிட்டுக் கையை இறக்கிக்கொண்டார்.

"ரப்பர்ல ஒண்ணுமில்ல. புள்ள தெறக்குறதுதேன்" என்றார். துரோகி!

ஆனால் எனக்குக் கண் இருந்தது. வீட்டில் யாரும் இல்லாத ஒரு மத்தியானம் ஸ்டூலைப் போட்டு ஏறி, அதே தாளை மேல் மூலையில் வைத்துச் சாத்தினேன். நான் இழுக்கக்கூட இல்லை. தானாக நழுவிக் கீழே விழுந்தது. கதவைத் திறந்து பார்த்தால், ரப்பரின் மேல் வாராவாரம் அப்பிய சந்தனம் காய்ந்து காய்ந்து, சுவரில் பூசிய காரைபோல இறுகிக் கிடந்தது. அந்த மேட்டில் இடித்துக் கதவு சாத்தாமல் நின்றது. இன்னொரு மூலையிலும் அப்படித்தான். விரலை வைத்தால் இடுக்கு வழியே சில்லென்று காற்று வந்தது.

பரீட்சையில் நூறு வாங்கியவள்போல அம்மாவிடம் ஓடினேன். திராட்சைத் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "நான் இல்லம்மா! அத்த வைக்கிற சந்தனம்! வந்து பாரு!" என்றேன். அம்மா வந்து பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை. என் கையைப் பிடித்துத் தரதரவென்று கொல்லைப்பக்கம் இழுத்துப் போனாள்.

"இத ஒங்கத்தகிட்டச் சொன்ன, தோல உரிச்சிருவேன்."

"நான் தெறக்கலல்ல?"

"நீ தெறந்ததாவே இருந்துட்டுப் போகட்டும். என்ன கொறஞ்சு போச்சு ஒனக்கு?"

என்ன குறைந்து போச்சா? மானம் போச்சு, ராட்டினம் போச்சு! அதோடு விடவில்லை. சாயங்காலம் கூடத்தில், அத்தையும் இருக்கும்போதே, "இனிமே தெறக்க மாட்டேன்னு சொல்லு ஆத்தா" என்றார் அப்பா. அம்மாவின் கண் என் மேலேயே இருந்தது. செய்யாத தப்பை நான் வாயால் ஒப்புக்கொண்டேன். அத்தை என் தலையைத் தடவி, "போகட்டும்ணே, சின்னப் புள்ளதானே" என்று எனக்காகச் சிபாரிசு வேறு செய்தாள். அவளைக் கடித்துவிடலாம் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை வீரபாண்டிக்குக் கூட்டிப் போனார். தண்டனை கொடுத்தவரே ராட்டினத்தில் பக்கத்தில் உட்கார்ந்து என்னைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும் "இன்னொருக்கா ஏறுறியா?" என்றார். வளையல், பஞ்சு மிட்டாய், ஊதல் என்று கை காட்டியதெல்லாம் வாங்கிக் கொடுத்தார். ஒப்புக்கொண்டதற்குப் பரிசு என்று நினைத்தேன். அந்த நினைப்பில் பஞ்சு மிட்டாய்கூடக் கசந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அத்தை பழையபடி சந்தனம் அப்பினாள். மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக நான் தண்ணீர் குடிக்கப் போனால், ஃபிரிட்ஜின் முன்னால் அப்பா நின்றுகொண்டிருந்தார். கதவைத் திறந்து வைத்து, தன் துண்டை வெந்நீரில் நனைத்து, ரப்பரில் இருந்த சந்தனத்தை மட்டும் சுரண்டிச் சுரண்டித் துடைத்தார். வெளியே தெரிகிற பொட்டைத் தொடவில்லை. அதற்கப்புறம் எல்லாச் சனிக்கிழமையும் அதுதான் அவருக்கு முதல் வேலை. ஐஸ் கட்டுவது நின்றது. "பாத்தியா, தெறக்காம இருந்தா எப்புடி இருக்குன்னு" என்று ஊரே என்னைப் பார்த்துச் சொன்னது.

அந்த முதல் சனிக்கிழமையே எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது.

"அப்ப நான் தெறக்கலன்னு ஒங்களுக்குத் தெரியும்!"

அப்பா வாயில் விரலை வைத்து அத்தை படுத்திருந்த அறையைப் பார்த்தார். "தெரியும் ஆத்தா. மெதுவாப் பேசு."

"பெறகு ஏன் என்னையச் சொன்னீங்க?"

அவர் துண்டைப் பிழிந்தார். மஞ்சளாகத் தண்ணீர் வடிந்தது. "நீ தாங்குவ" என்றார்.

நான் ஏன் தாங்க வேண்டும் என்று காலை உதைத்துக்கொண்டு அழுதேன். இன்றைக்கும் அதே கேள்விதான். ஏலத்தோட்டத்துக்குப் போன மாமா அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டார் என்பதும், அத்தையைத் தவிர எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும் என்பதும், சந்தனம் வைக்காதே என்று அவளிடம் சொல்ல ஒருவருக்கும் நாக்கு எழவில்லை என்பதும் எனக்குத் தெரியப் பல வருஷம் ஆனது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் தாங்குவேன் என்று அப்பா சொன்னது மட்டும்தான். தாங்க மாட்டாதவள் ஒருத்தி பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.