விபூதி பூசிய நடுகல்

பழைய நடுகற்களைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, போனிலேயே முப்பரிமாண உருவமாக்குவது என் வேலை. எனக்கு அடங்காத கல்லே இல்லை என்றிருந்தேன், ஓட்டப்பிடாரம் பக்கம் ஒரு பருத்திக்காட்டுக்குப் போகும்வரை. சாலையை அகலப்படுத்துவதற்காக மறுநாள் அங்கிருந்த நடுகல்லைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் நடப் போகிறார்கள். தலைமுறைகளாக எண்ணெய் பூசிய கல் வெயிலில் பளபளத்ததால், உருவம் கலங்கலாகவே வந்தது.

பளபளப்பை மறைக்க முகப் பவுடரை எடுத்தேன். கல்லுக்குப் பூசை வைக்கும் வீட்டு மருமகள் முத்துமாரி தடுத்தாள்.

“எங்க சாமிக்குப் பவுடரா அண்ணாச்சி? விபூதி சாத்துதேன், போதுமா?”

அவளே கல் முழுக்கப் பூசினாள். பளபளப்பு அடங்கியது. மறுபடி எடுத்தேன். பிறகு வரப்பில் கழற்றி விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு நின்று போனைக் காட்டினேன். ஈட்டியோடு வீரன், அவன் காலடியில், எண்ணெய்க்குள் மறைந்தே கிடந்த ஒரு நாய்.

முத்துமாரி கண்ணை எடுக்கவில்லை. “அப்ப இவிய இனிமே இதுக்குள்ளயும் இருப்பாவளா?”

“கல்லு உடைஞ்சாலும் இருப்பாங்க” என்றேன் பெருமையாக.

“அப்பச் செருப்பக் கழட்டிட்டு நில்லுங்க.”

கழற்றினேன். கல் பத்திரமாக இடம் மாறிவிட்டது. ஆனாலும் போனில் அந்த உருவத்தைத் திறக்கும்போதெல்லாம், இன்றும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன்.